எஸ்கலேட் என்றால் என்ன?

நாற்காலி நகராது. நானும் நகரமாட்டேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு இது. எடுத்தபோது அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலோர நாற்காலி. எங்கள் வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். மனைவிக்குத் தையல் தொழில். மிஷினுக்கு வெளிச்சம் வேண்டும், அந்த இடத்தைக் கொடுங்கள் என்கிறாள். எனக்கு சலவை மிஷின் கம்பெனியில் புகார்ப் பிரிவு. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் போனில் "பதிவு பண்ணிக்கிட்டேன் சார்" என்று சொல்வது என் உத்தியோகம். ஒரே ஒரு புகாருக்கு அசருவேனா?

"இதோட நிறுத்திக்க. இல்லேன்னா விஷயம் எஸ்கலேட் ஆயிடும்" என்றேன்.

"அப்படின்னா?"

"சின்னது பெரிசாகி, முத்திப் போறது."

"போன்ல 'எஸ்கலேட் பண்றேன் சார்'ங்கறீங்களே, சண்டையை முத்த வைக்கிறேன்னா சொல்றீங்க?"

"சேச்சே, அது வேற அர்த்தம். நம்மளால தீராததை மேலே அனுப்பிடறது."

"அனுப்பிட்டா?"

"அப்புறம் நமக்கு அதுல சம்பந்தமே இல்லை. மேலே இருக்கறவங்க பாத்துப்பாங்க."

"அப்ப நாற்காலியையும் எஸ்கலேட் பண்ணிடலாமாங்க?"

மனசுக்குள் குதித்தேன். எங்கள் வீட்டு மேலிடம் என் அம்மா. அம்மா எப்போதும் என் கட்சி.

"தாராளமா பண்ணு!"

உடனே வெளியே போய் அம்மாவுக்கு போன் போட்டு, "உன் மருமக பேசினா விட்டுக்கொடுத்துடாதே" என்று சொல்லியும் வைத்தேன். ஆனால் மருமகள் அம்மாவிடம் பேசவேயில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், ஜன்னலோரத்தில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"என் நாற்காலி எங்கே?"

"எஸ்கலேட் பண்ணிட்டேன்." துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருக்கு?"

விரலால் கூரையைக் காட்டினாள். மாடியில் குடியிருப்பவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

"நீங்கதானே தாராளமா பண்ணுன்னீங்க?"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். வாத்தியார் என் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருக்கேன். இதுல ஒரு கால் ஆடுது. உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன். புகாரெல்லாம் நீங்கதான் பாப்பீங்களாமே?"

தொழில் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"பதிவு பண்ணிக்கிட்டேன் சார்."