மாப்பிள்ளை அழைப்புக்கு ஜெனரேட்டர் வேண்டாம்

புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியவனிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்றுதான் பதில் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். (இப்போது திருந்திவிட்டேன் என்றால் என் மனைவி சிரிப்பாள்.)

செஞ்சியில் என் தங்கை பவித்ராவுக்குக் கல்யாணம் முடிவானது. சம்பந்தி ஏழுமலை மாமாவுக்கு மூன்று டீசல் லாரிகள்; மூன்றும் மார்க்கெட்டிலிருந்து நெல் மூட்டை ஏற்றிப் போகிறவை. நிச்சயதார்த்தப் பந்தியிலேயே அவரிடம் வம்பை ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்ச வருஷம்தான் மாமா. டீசல் லாரியெல்லாம் எடைக்குத்தான் போடணும்."

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். "அப்டியா தம்பி. இருவது டன் நெல்ல ஏத்தினு பெங்களூரு வரைக்கும் போவுமா உங்க பேட்டரி?"

"போகும் மாமா."

"நடுவழில சார்ஜ் பூடுச்சின்னா?"

"போகாது மாமா." (எனக்கு லாரியைப் பற்றியும் தெரியாது, பேட்டரியைப் பற்றியும் அவ்வளவாகத் தெரியாது. வாய் மட்டும் இருந்தது.)

அத்தோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான், சீரியல் லைட்டுக்கும் பாட்டுக்கும் காரிலிருந்தே கரன்ட் எடுக்கலாம், புகை கக்கும் ஜெனரேட்டர் எதற்கு என்று அளந்தேன். என் அப்பா, நைனா, பேசி வைத்திருந்த ஜெனரேட்டர்காரரை நானே போன் செய்து வரவேண்டாம் என்றேன். பவித்ரா மருதாணிக் கையோடு வந்து நின்றாள்.

"ஏழு மணிக்குள்ள மாப்ள மண்டபத்துல கால் வைக்கணுமாம். அவங்க ஆளுங்க முன்னாடி என் மானத்த வாங்கிடாதண்ணா."

"நீ டென்ஷன் ஆவாத," என்றேன்.

அழைப்பு அன்று காலையிலிருந்து அனந்தபுரத்துக்குப் பூ வாங்க, வல்லத்துக்கு அத்தைகளைக் கூட்டிவர என்று ஓடிவிட்டு, மத்தியானம் மண்டபத்தின் பின்புறம் காரை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் அந்த பிளக் பாயிண்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"வடைக்கு அரைக்கணும்ல. உங்க வண்டி சும்மாதான நின்னுனு இருந்துச்சு," என்றார் சமையல் மாஸ்டர்.

திரையில் பதினெட்டு சதவீதம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தாராளமாகப் போதும் என்று கிளம்பினேன். ஊர்வலம் என்பது நின்று நின்று போவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு கடைக்காரர் இறங்கி வந்து ஏழுமலை மாமாவுக்குச் சால்வை போர்த்தினார். ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு போட்டோ. கோட்டு சூட்டில் வெந்துகொண்டிருந்த மாப்பிள்ளை தினேஷ், "மச்சான், ஏசிய கொஞ்சம் ஏத்துங்க," என்றார். ஏற்றினேன். சார்ஜ் குறைகிறது என்று திரை மூன்று முறை எச்சரித்தது. மூன்று முறையும் 'சரி' என்பதை அழுத்தி அதன் வாயை அடைத்தேன்.

பாத்திரக் கடைக்கு எதிரே முதலில் பாட்டு நின்றது. அப்புறம் விளக்குகள். அப்புறம் ஏசி. கடைசியில் கார்.

"இன்னா, கரன்ட் கட்டா?" என்று வல்லத்து அத்தை கேட்டது தெருமுனை வரை கேட்டது.

மணி ஏழாக இருபது நிமிஷம். கடைக்குள் புகுந்து ஏதாவது ஒரு அண்டாவில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. பவித்ரா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நிஜமாகவே அழுகை வந்தது.

ஏழுமலை மாமா என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து, "வண்டிய கடைத்தெருவுக்கு எடுத்துனு வா," என்றார். மார்க்கெட்டில் மூட்டை ஏற்றக் காலியாக நின்றிருந்த லாரி, கரும்புகையோடும் ஹாரனோடும் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பேண்ட் செட் முன்னால் போக, தினேஷ் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். கடைத்தெருவே குஷியாகிவிட்டது. நானும் வெட்கத்தை விட்டு லாரிக்கு முன்னால் ஆடினேன். (வேறு என்ன செய்வது?) ஏழடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மண்டபம் சேர்ந்தோம். கோட்டெல்லாம் நெல் தூசியாக இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்து பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

இதில் கூத்து என்னவென்றால், இன்று ஏழுமலை மாமாவிடமே ஒரு எலெக்ட்ரிக் மினி லாரி இருக்கிறது. ஊருக்குள் கடைகளுக்கு அரிசி போட அதுதான்; பெங்களூருக்கு இன்னும் டீசல்தான்.

"வண்டி மேல குத்தமில்ல தம்பி. ஓட்டனவரு மேலதான்," என்கிறார்.

போன மாதம் பவித்ராவின் மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் சீர் எடுத்துப் போனேன். வாசலில் பவித்ரா பட்டு, பழம், வெற்றிலை எல்லாம் பார்த்துவிட்டு, "அது எங்கண்ணா?" என்றாள். காரின் பின்கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்: மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றிய ஐந்து லிட்டர் டீசல் கேன். அந்தக் கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டுச் சீர்வரிசையில் அதற்குத்தான் முதல் தட்டு.