நிவாரணச் சட்டை

படித்தவள் என்று ஊரில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் செய்கிற முட்டாள்தனம்கூட பெரிசாகத்தான் இருக்கும். என்னுடையது ரோஸ் கலரில் இருந்தது.

கொரோனா சமயம். கொல்லிமலையில் எங்கள் மரவள்ளிக் கிழங்கு முற்றி மண்ணுக்குள்ளேயே கிடந்தது. பிடுங்கக் கூலி கொடுக்கக் காசில்லை. இன்னும் விட்டால் நாரேறிக் கட்டையாகிவிடும். அப்போதுதான் அரசாங்கம் விவசாயிகளுக்கு நிவாரணப் பணம் போடுகிறது, போட்டோவோடு போனிலேயே விண்ணப்பிக்கலாம் என்று சேதி வந்தது. எங்கள் ஊரில் டவர் கிடைக்கிற போன் என்னுடையதுதான். மாமனார் பெருமை தாங்காமல் எல்லோரையும் எங்கள் வாசலுக்கு வரச்சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் காட்டு வேலையிலிருந்து அப்படியே துண்டோடு நின்றார்கள். அரசாங்கத்துக்குப் போகிற படம், வெறும் மேலோடு நிற்கலாமா? ஓடிப்போய் என் வீட்டுக்காரரின் ரோஸ் கலர் நிச்சயதார்த்தச் சட்டையை எடுத்துவந்தேன். ஒருவர் கழற்ற, அடுத்தவர் மாட்ட, எல்லோரையும் ஒரே மிளகுக்கொடி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். (தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க என்று கத்திக்கொண்டே ஒரே சட்டையை ஊருக்கே மாட்டிவிட்ட புத்திசாலி நான்.) மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று சட்டம் பேசியதும் நானேதான்.

போதாக்குறைக்கு, எங்கள் மலைக்கோயில் சாமி அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அறப்பளி என்றுதான் பெயர். என் வீட்டுக்காரருக்கும்.

கொஞ்ச நாளில் ஓர் அதிகாரி அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி, தலைசுற்றலோடு வந்து இறங்கினார். "யாருங்க அந்த அறப்பளி? ஒரே ஆளு ஊர் நிலம் பூராத்துக்கும் பணம் கேட்டிருக்கான்" என்றார். நான் மெல்லக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன். மாமனாரோ, படமெல்லாம் எங்க மருமகள் எடுத்ததுங்க என்று சந்தோஷமாகக் காட்டிக்கொடுத்தார்.

அழாத குறையாக விளக்கினேன். வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றும் கெஞ்சிப்பார்த்தேன். மனுசன் மசியவில்லை. படத்தில் இருக்கிற மாதிரியே ஒவ்வொருவராக வந்து நின்று, பிறகு மாஸ்க்கைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும், ஒத்துப்போனால்தான் பணம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் அதே சட்டை, அதே மிளகுக்கொடி. சட்டை யாருது என்று அவர் அதட்டியதற்குப் பயந்துபோய் ஒவ்வொருவரும் "எம்பட சட்டைதானுங்க" என்று வேறு சொல்லிவைத்தார்கள். மாமனாரின் அண்ணன் வரும்வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அவர் கனத்த உடம்புக்காரர். படம் எடுத்தபோது மூச்சை அடக்கச் சொல்லிப் பட்டனைப் பூட்டியிருந்தேன். இன்றைக்கு அதிகாரி படத்தையும் ஆளையும் நிதானமாகப் பார்த்து, சரி என்று தலையாட்டியதும் பெரிய மாமா நிம்மதியாக மூச்சை விட்டார். சட்டையின் முதுகு மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. ஒரு பட்டன் அதிகாரியின் டீக்குள் விழுந்தது.

மீதி இருந்தது சட்டைக்குச் சொந்தக்காரர் ஒருத்தர்தான். நம்ம ஊட்டு ஆளுதானே, கடைசியில் பார்த்துக்கலாம் என்று நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். பழைய பனியனோடு வந்து நின்றார்.

"அந்தக் கிழிஞ்சது எம்பட சட்டைதானுங்க."

"இதையேதான் எல்லாரும் சொன்னாங்க" என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

ஊருக்கே பணம் வந்தது, எங்களுக்கு மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரர் திட்டாமல் கிழிந்த சட்டையை மடித்து பீரோவில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுவாரம் வாசலில் ஒரே சத்தம். அத்தனை அறப்பளியும் கடப்பாறையோடு நின்றார்கள். எங்கள் கிழங்கு முழுக்கப் பிடுங்கி லாரி ஏற்றிவிட்டார்கள். கூலி பேச வாயெடுத்த என்னைப் பெரிய மாமா கையமர்த்தினார். "சட்டை வாடகையில கழிச்சுக்கோ கண்ணு."

இப்போதும் அரசாங்கம் எதையாவது அறிவித்தால், ஆபீசுக்குப் போகுமுன் பெரிய மாமா எங்கள் வாசலில் வந்து, "கண்ணு, சட்டை காஞ்சிருச்சா?" என்பார். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் பீரோவைப் பூட்டுவார்.