பங்களாவின் பின்பக்கத்து இரும்புப் படி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் முதலில் பார்த்தது ஒரு திராட்சைக் கொத்து. இரும்பால் ஆனது. அதைச் சுற்றி இரும்பு இலைகள், இலைகளுக்கு மேலே இரும்புக் கொடி, அந்தக் கொடியோடு மேல்மாடிவரை சுழன்று சுழன்று போன ஒரு படிக்கட்டு. மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் பின்புறம், வாழைமரங்களுக்கு நடுவே அது நின்றது. என் பக்கத்தில் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, வைத்திலிங்கம் நின்றார். தன் மகளை எனக்குத் தருவதா இல்லையா என்பதை அன்று மதியத்துக்குள் அவர் சொல்வதாக இருந்தது.

இந்த இரண்டு விஷயங்களையும் ஒரே காலையில் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். வேறு யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் கோலசிலாங்கூரில் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் கோலாலம்பூரில் வெளிவந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவேன். என் நோய் வார்ப்பிரும்பு. விக்டோரியா ராணி காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய விளக்குக் கம்பங்கள், கடைத் தூண்கள், படித்துறைக் கிராதிகள். ராணி போய் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை, அதற்குள் ஊர் அவற்றை மறந்துவிட்டது. விளக்குக் கம்பத்தில் ஆட்டைக் கட்டினார்கள். பூவேலை செய்த தூணில் தார் பூசினார்கள். நான் நார் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாகப் போய்த் துருவைத் தேய்த்து, எந்த ஊர் வார்ப்படம் என்று பார்ப்பேன். ஒரு சீனக் கடைக்காரர் தன் தூணை நான் தேய்ப்பதைப் பார்த்துவிட்டுக் கூலி எவ்வளவு என்று கேட்டார். கூலி வேண்டாம் என்றேன். பின்கட்டுக்கு அழைத்துப் போய் இன்னும் இரண்டு தூணைக் காட்டினார். (தேய்த்தேன். இரண்டும் மரம்.)

படித்துறை விளக்குக் கம்பங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை வைத்திலிங்கம் படித்திருந்தார். அதிலிருந்து நான் பழைய இரும்பு வியாபாரி என்று முடிவுகட்டியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சின்னக் கிராணியாகத் தொடங்கிப் பெரிய கிராணியானவர். எந்த வெயிலிலும் வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனிதர். சம்பந்தம் பேசப் போன என் மாமாவிடம், “பொடியன் கெட்டிக்காரன்தான். ஆனா மருமகன் என்ன செய்யிறார் எண்டு ஆக்கள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? கம்பம் தேய்க்கிறார் எண்டோ?” என்று கேட்டிருக்கிறார்.

மாமா விடவில்லை. கடைசியில், அந்த இரும்பில் என்னதான் இருக்கிறது என்று பையன் நேரில் காட்டட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் இறங்கி வந்தார். காட்டுவதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்தப் படிக்கட்டு. தோட்டத்துப் பாதையில் சைக்கிளில் போகும்போது தூரத்திலிருந்து கண்டு, மனத்துக்குள் எப்போதோ உரிமை கொண்டாடியிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை, அத்தனை வருஷம் அதே தோட்டத்தில் இருந்தவர் அதைப் பார்த்ததே இல்லை. அவர் போவது ஆபீசுக்கு, இல்லையென்றால் பங்களாவின் முன் வராந்தாவுக்கு. பின்பக்கம் சமையல்காரனும் தோட்டக்காரனும் போகிற இடம். பெரிய கிராணி அங்கே தலைகாட்டுவதாவது?

துரை வீட்டில் இல்லை என்று நானே கண்டுபிடித்தேன். கொட்டகையில் மோட்டார் இல்லை. நாய் குரைக்கவில்லை. ஆகவே துரை இல்லை. (மோட்டாரில் துரைசானி கிள்ளான் மாதாகோவிலுக்குப் போயிருந்தார், நாயையும் ஏற்றிக்கொண்டு. சமையற்கட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நல்ல செய்தியாளன் கேட்கமாட்டான், ஊகிப்பான் என்பது அப்போது என் கொள்கை.)

நான் விளக்க ஆரம்பித்தேன். முதன்முதலில் இங்கே காப்பி பயிரிட்ட துரை, மாலை நேரத்தில் மேலே நின்று ஆற்றில் கப்பல் வருவதைப் பார்க்கவே இதைச் சீமையிலிருந்து வரவழைத்திருக்க வேண்டும் என்றேன். ஆதாரம் ஒன்றும் இல்லை. குரலில் உறுதி இருந்தது. வைத்திலிங்கம் ஓர் இலையைத் தொட்டார். விரலில் துரு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எந்த முட்டாளும் நிறுத்தியிருப்பான். நான், மேலேயிருந்து பார்த்தால் இன்னும் அழகு என்றேன்.

பெரியவரை முன்னே விடுவதுதான் மரியாதை. விட்டேன். ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய அகலம். அவர் முன்னே, நான் அவருடைய செருப்புக்கு நேரே. உச்சியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அவர் தள்ளினார். திறந்தது.

அது கப்பல் பார்க்கும் மாடம் அல்ல, குளியலறை. நடுவில் பெரிய தகரத் தொட்டி. தொட்டிக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துரை, தலை முழுவதும் சோப்பு நுரை. கதவோரம், கைக்கெட்டும் தூரத்தில், மரப்பெட்டி போன்ற ஓர் ஆசனம். அதன் அடியில் மூடி போட்ட வாளி. என் தலை அப்போது அறையின் தரை மட்டத்தில் இருந்ததால் எனக்கு முதலில் தெரிந்ததே வாளிதான். படிக்கட்டு யாருக்காக வந்தது என்று அப்போது விளங்கிவிட்டது. அந்தத் திராட்சை, அந்தக் கொடி, அத்தனையும் தினமும் காலையில் கக்கூஸ் வாளி எடுக்க வருகிற தோட்டிக்கு.

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்ட துரை, திரும்பாமலே பேசினார்.

“சடையன்? இன்னிக்கி லேட். வாளி எடு. போ.”

துரைமார் தோட்டத்தில் கற்றுக்கொள்கிற தமிழ் பெரும்பாலும் இவ்வளவுதான்.

வைத்திலிங்கம் அசையவில்லை. சத்தமில்லாமல் இறங்கியிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். துரை வாயிலிருந்து ஓர் உத்தரவு வந்து, அதை அவர் நிறைவேற்றாமல் விட்டதாகத் தோட்டத்தில் பேச்சே கிடையாது. அதோடு, வாளி நகர்கிற சத்தம் கேட்காவிட்டால் துரை திரும்பிப் பார்ப்பார். பார்த்தால், தன் குளியலறையில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிற பெரிய கிராணியைக் காண்பார். அதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்? மருமகனுக்கு இரும்பு பிடிக்கும் என்றா?

அவர் குனிந்து வாளியை எடுத்தார்.

முதலில் இறங்க வேண்டியவன் நான். திரும்ப இடமில்லை. பின்புறமாகவே காலைத் தடவித் தடவி வைத்தேன். என் மூக்குக்கு நேரே வாளி, வாளிக்கு மேலே என் வருங்கால மாமனாரின் முகம். பாதி வழியில் அவருடைய கோட்டுக் கை இரும்புக் கொடியில் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிட்டேன்.

கீழே சடையன் நின்றுகொண்டிருந்தான், கையில் விளக்குமாறோடு. பெரிய கிராணியைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

“குடுங்கய்யா. சமையக்கட்டுல ஆளுங்க இருக்காங்க,” என்றான் தணிந்த குரலில்.

சம்பள நாளில்கூடக் காசை மேசையில் வைப்பாரே தவிர, வைத்திலிங்கம் அவன் கையில் எதையும் கொடுத்தவரல்ல. அன்று கொடுத்தார்.

குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு அவர் வீட்டை நோக்கி நடந்தோம். எனக்குக் கல்யாண ஆசை போய்விட்டது, மாமாவிடம் என்ன சொல்வது என்பதுதான் கவலை.

“ஆருக்கும் சொல்லுவீரோ?” என்று கேட்டார்.

“என்னத்தை, ஐயா?”

“கண்டதை.”

அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “பத்திரிகைக்குப் படிக்கட்டைப் பற்றி மட்டும்தான் எழுதுவன்,” என்றேன்.

அவர் நின்றுவிட்டார்.

“தை மாசம் உமக்குத் தோதோ?” என்றார்.

திராட்சைக் கொத்துதான் அவர் மனதை மாற்றிவிட்டது என்று நம்பினேன். வார்ப்பிரும்பின் அழகு எந்த நெஞ்சையும் கரைக்கும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே சைக்கிளில் ஊர் திரும்பினேன். உண்மையைக் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி பாக்கியம் சொன்னாள். அன்று மதியம் சோற்றைப் பிசைந்தபடி அவள் அப்பா, “பேப்பர்க்காரன் பாத்திட்டான். இனி அவனை வெளியில விடேலாது,” என்று அவள் அம்மாவிடம் சொன்னாராம். நான் மிரட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். என் ஆயுளில் என்னைக் கண்டு பயந்த ஒரே மனிதர் அவர்தான், அதையும் நான் கவனிக்கவில்லை.

இன்றைக்கும் நான் ஏதாவது பழைய கிராதியின் முன்னால் நின்றுவிட்டால் பாக்கியம் திரும்பிப் பார்க்காமலே, “வாளி எடு. போ,” என்பாள், அசல் துரைத் தமிழில். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். மாமனார் இருந்தவரை அவர் காதுபட மட்டும் யாரும் சொன்னதில்லை. படிக்கட்டைப் பற்றிய கட்டுரையை நான் எழுதவே இல்லை.

கல்யாணம் தையில் நடந்தது. தோட்டத்து ஆட்களுக்குப் பின்முற்றத்தில் பந்தி போட்டார்கள், பரிமாற ஆட்களும் வைத்திருந்தார்கள். சடையனின் இலையில் மாமனார் தன் கையால் சோறு போட்டார்.