துண்டரும் மூன்று கட்டங்களும்

கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். ஆனால் அதைக் கடதாசியில் எழுதி, கோதுமை மாப் பசை பூசி ஒட்டி, கீழே கையெழுத்தும் வைத்துக் கெடுத்த ஒரே மனிதர், நான் அறிந்த மட்டில், மன்னாரில் எங்கள் துண்டர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய பென்சன் கடிதத்தில் மட்டுமே பாவனையில் இருந்தது. நாற்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றவர். போத்தல் போத்தலாகத் துண்டு எழுதி ஒட்டியவருக்குப் பென்சனுக்குப் பிறகும் கை அடங்கவில்லை. சீனிப் போத்தலில் "சீனி" என்று எழுதி, அதன் கீழே "எறும்பு இருக்கலாம்" என்றும் எழுதி வைக்கிற ஆள்.

போர் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. நான் அக்கரையில், தமிழ்நாட்டு முகாமில், பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்து பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக் கொப்பிக் கடை போட்டிருந்தேன். அப்போது மன்னாரில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் ஐந்து பிரதி தேவைப்பட்டது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், முகாமில் தந்த கடிதம். வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் கதையைத் தொடங்கினால் மெஷின் சூடேறி நிற்கும்வரை சொல்வார்கள். ஒரு நாள் எரிச்சலில், "எழுதிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை நாலு பேர் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்படி உண்டானதுதான் எங்கள் புதன்கிழமைக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர். எழுதியதைக் கடித உறையில் போட்டுக் கடையின் பின்னறை அலுமாரியில் வைப்போம். வேண்டியவர் எடுத்துப்போய் வாசித்துவிட்டு அடுத்த புதன் கொண்டுவருவார். துண்டர் ஒரு கதையும் எழுதவில்லை. எல்லாக் கதைகளையும் முதலில் தான் வாசித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று உறையின் மேல் துண்டு ஒட்டுவதைத் தன் உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். அவரை யாரும் கேட்கவில்லை.

முதலில் துண்டுகள் சின்னதாகத்தான் இருந்தன. "ஷெல் விழும், இரண்டு தரம்" என்ற அளவில். பிறகு வளரத் தொடங்கின. "காதல் உண்டு. கைபிடிப்பதோடு சரி. மாமன் அடிப்பான், அடி பலமில்லை." "பங்கர் உண்டு. மூச்சு முட்டுபவர்கள் வெளி வெளிச்சத்தில் இருந்து வாசிக்கவும்." "நாலாம் பக்கத்தில் ஒரு குழந்தை. சாப்பாட்டுக்குப் பின் வாசிக்கவும். தனியாக வேண்டாம்."

பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம் தையல்காரர், எங்கள் எல்லோருக்கும் 'காக்கா', ஜின் கதை மட்டும்தான் எழுதுவார். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்து திரும்பியவர். அவருடைய ஒன்றரைப் பக்கக் கதைக்கு ஒரு நாள் இரண்டு பக்கத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது.

"அண்ணே, ஜின் கிணத்துக்குள்ள இருக்கெண்டு நீங்களே சொல்லிப்போட்டா, நான் என்னத்துக்கு எழுதின?" என்று காக்கா உறையை ஆட்டினார்.

"உங்கடை வீட்டுக்காரி எங்கை குளிக்கிறவ?"

"கிணத்தடியிலதான்."

"பிறகென்ன? சொல்லாமல் ஜின்னை விடலாமோ, காக்கா?"

காக்கா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

துண்டர் வாயால் செய்தி சொன்னாலும் அதே முறைதான். ஒரு நாள் மழையில் நனைந்துபோன கதைத் தாள்களைக் கடை வாசலில் கல் வைத்துக் காயப் போட்டிருந்தேன். துண்டர் உள்ளே வந்தார்.

"தம்பி, இருங்கோ. கெட்ட செய்தி."

நெஞ்சு பதறிவிட்டது. அந்தக் காலத்தில் கெட்ட செய்தி என்றால் எல்லோருக்கும் ஒரே இடம்தான் பதறும்.

"சாவில்லை. உங்கடை வீட்டிலை இல்லை. ரத்தம் இல்லை. ஒரு மிருகம் வருது."

"என்னண்ணை, சொல்லுங்கோ!"

"மிருகத்துக்கு ஒண்டும் ஆகேல்லை. கழுதை. வாசலிலை நிக்குது. கடதாசி தின்னுது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மன்னார்க் கழுதைகளுக்குப் பசி எப்போதும் உண்டு. பாப்பாமோட்டைக்காரர் ஒருவரின் வெள்ளாமைக் கதையில் விதைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது, அறுவடை முழுதும் கழுதையின் வாய்க்குள். பத்துச் சொல் முன்னால் சொல்லியிருந்தால் கதை தப்பியிருக்கும். துண்டரோ நான் நெஞ்சைப் பிடிக்காததில் திருப்தியாக இருந்தார்.

அன்றோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. கதை என்றால் ஒருவன் தெரியாமல் உள்ளே போக வேண்டும் என்பது என் கட்சி. ஒரு படிவம் தயாரித்தேன். மூன்றே கட்டங்கள்: போர், சாவு, காதல். இருக்கிறதுக்கு நேரே சரி போட்டால் போதும். அழகாகக் கோடு அடித்து நூறு பிரதி எடுத்தேன். அடுத்த புதன் கைகளை உயர்த்தச் சொன்னேன். துண்டுகளை வாசித்துக் களைத்திருந்த எல்லோரும் உயர்த்தினார்கள்.

உயர்த்தாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் துண்டர். "தம்பி, அறுபது வியாதிக்கு மூண்டு போத்தலோ?" என்று மட்டும் கேட்டார்.

மற்றவர் அரிப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் பிலோமினா அக்கா. அவருடைய மகன் போரின் கடைசி நாட்களில், எல்லோரும் ராணுவத்தின் பக்கம் வெளியேறி வந்த அன்று, பதிவுக்கென்று வரிசையிலிருந்து கூட்டிச்செல்லப்பட்டவன். பிறகு தகவல் இல்லை. அக்கா அலுமாரிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்று வாயசைத்துத் துண்டுகளை வாசிப்பார். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். "எதுக்குள்ளை போறன் எண்டு தெரிஞ்சால் நான் போவன் தம்பி," என்றார் அன்று. நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே தவிர, கேட்கவில்லை.

துண்டர் முகம் சுழிக்காமல் படிவத்துக்கு மாறினார். அதற்குச் சில கிழமைகள் கழித்து நான் ஒரு கதை எழுதினேன். வரிசையில் நின்ற ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தாய் அவனுடைய செருப்புச் சோடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. அக்கரையில் இருந்தவன் நான். வரிசையில் நின்றவர்கள் கடையில் சொன்னதை வைத்து எழுதினேன். நன்றாக எழுதிவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு.

துண்டர் அதைக் கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, இதை எந்தக் கட்டத்திலை போட?"

நான் மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் கறுப்பு மையாக இருந்தேன். "சாவிலை போடுங்கோ."

"அவன் செத்தான் எண்டு நீங்கள் எழுதேல்லையே."

"வேறை எந்தக் கட்டம் இருக்கண்ணை? இஞ்சை தாங்கோ." நானே வாங்கிச் சரி போட்டேன். என் பெருவிரல் மையும் அதில் பதிந்தது.

அந்தப் புதன் அந்த உறையை எடுத்துப் போனது பிலோமினா அக்கா. அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது புதன் துண்டர் பசைத் தகரப் பேணியைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்கோ, அரிப்புக்குப் போவம்," என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா வீட்டு முற்றத்தில் வலையை விரித்து மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார். சுவர் பாதி எழும்பிய வீடு, மேலே தரப்பாள். துண்டருக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். எனக்குத் தேத்தண்ணி தந்தார். உறையையும் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கதையிலை பிழையில்லை தம்பி. வாசிச்சனான். செருப்பெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறியள்." கிட்டக் கிடந்த ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். "அரசாங்கக் கந்தோரிலை மூண்டு தரம் கூப்பிட்டு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவை. எடுத்தால் உதவி கிடைக்குமாம். நான் எடுக்கேல்லை. கையெழுத்து வைக்கேல்லை. நீங்கள் நான் கேளாமலே தந்திட்டியள்."

என் பெருவிரல் மை பதிந்த சரி அடையாளத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். அதற்குமுன் நான் பட்டதெல்லாம் சும்மா.

துண்டர் உறையை வாங்கிப் படிவத்தைத் தண்ணீர் தொட்டு உரித்தெடுத்தார். புதுக் கடதாசியை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி எழுதினார்.

"'ஒரு மகன் வரிசையிலிருந்து கூட்டிச் செல்லப்படுகிறான்.' சரியோ பிள்ளை?"

"ஓம்."

"'தாய் காத்திருக்கிறாள். மகன் வரவில்லை.'"

"'இன்னும்' எண்டு முன்னாலை போடுங்கோ."

"'மகன் இன்னும் வரவில்லை.' வேறை?"

"இந்தத் தம்பிக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது எண்டும் எழுதுங்கோ."

அதையும் எழுதினார். "எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது." என் வாழ்க்கையில் என்னைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சரியான விமர்சனம் அது. கீழே துண்டர் கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன்.

அடுத்த புதன் அக்கா வந்தார். மிச்சம் இருந்த படிவங்களை நானே வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். கழுதை அவற்றை ஆசையாகத் தின்றது. துண்டுகள் மறுபடி நீண்டன. காக்காவின் ஜின் எந்தக் கிணற்றில், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதுவரை நீண்டன. யாரும் வாய் திறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னறிவித்தல் தந்த மனிதர் தன்னுடைய விஷயத்தில் ஒரு சொல்லும் தரவில்லை. முதல் நாள்வரை நன்றாக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை காக்கா என் கடைக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இரிங்க. கெட்ட செய்தி," என்றார். "சாவு. உங்கட வீட்டுல இல்ல." அதற்குமேல் அவருக்கு வரவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. அந்த மாதிரிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் கழுதைக்கு முன்னாலேயே அழுதோம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பமுன் பிலோமினா அக்காவுக்கு வாசித்துக் காட்டப் போனேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். "துண்டு எங்கை?"

"பத்திரிகையிலை துண்டு ஒட்டமாட்டினம் அக்கா."

"அப்ப நான் கேக்கமாட்டன்."

அங்கேயே முற்றத்தில் குந்தித் துண்டை எழுதினேன். அக்கா ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துச் சரி சொன்னார். மேலே ஒட்ட வேண்டியதைக் கீழே ஒட்டுகிறேன். துண்டர் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

"இதில் ஒரு சாவு உண்டு. நிச்சயமான சாவு, நித்திரையில், வலியில்லை. சவப்பெட்டியை எழுதியவரும் தூக்கினார். ஒரு தாயும் உண்டு. அவருடைய மகன் இன்னும் வரவில்லை. கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதியவர் புதன்கிழமைகளில் பசை காய்ச்சி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்."