அம்பாஸடர் பாடிக்கான பாதுகாப்பு விதிகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மாபெரும் சாதனை, அந்த நெருப்புக்கு எங்கள் அலுவலகம் விதிகள் வகுத்ததுதான்.

டெல்லியில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டு அது. சர்க்கார் கார்களுக்கு டிங்கரிங், வெல்டிங், பெயிண்ட் வேலை பார்க்கும் பணிமனை எங்களுடையது. வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதற்குள் நசுங்கிய அம்பாஸடர்கள் எல்லாம் நிமிர வேண்டியிருந்தது. உடனே 'கார் பாடி பழுதுபார்ப்புப் பாதுகாப்புக் குழு' உதயமாயிற்று. தலைவர், துணை இயக்குநர் கல்யாணராமன். வெல்டிங் பொறியை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஆகவே பாரபட்சமின்றிச் சிந்திக்க முடிந்தது. குறிப்பெடுக்கும் பாக்கியம் எனக்கு.

முதல் விதி தயாரானது: 'பின்பக்கம் வெல்டிங் வைக்குமுன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும்.' 'வேண்டும்' கொஞ்சம் கடுமையோ, 'விரும்பத்தக்கது' போதுமோ என்று விவாதம் சூடுபிடித்தது. சமோசாவும் சூடாக வந்தது.

அப்போது காத்தவராயன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்வாசி, எங்கள் தினக்கூலி வெல்டர்.

"ஐயா, உங்க வண்டிதாங்க. டிக்கிக்குக் கீழ வெல்டிங் வைக்கணும். டேங்கை எறக்கிட்டுத்தான் செய்யணும். நாளைக்கு ஆயிடும்."

"நாளைக்கா? சாயந்திரம் செக்ரட்டரி ஆத்துல ரிசப்ஷன். நான் பஸ்ல போய் இறங்கறதா?" என்றார் கல்யாணராமன்.

"டேங்க்ல பெட்ரோல் இருக்குதுங்க."

"ஈரச் சாக்கைப் போட்டு மூடிண்டு பண்ணு. முடியலேன்னா சொல்லிடு, வாசல்ல எத்தனையோ பேர் வேலைக்கு நிக்கறான். ஜல்தி!"

காத்தவராயன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். நாங்கள் சமோசாவைப் பார்த்தோம். அவர் போய்விட்டார்.

'வேண்டும்' என்றே இருக்கட்டும் எனக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்ததும் கீழே ஏதோ வெடித்தது.

காத்தவராயனின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின. விரல்கள் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

விசாரணையையும் எங்கள் குழுவே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. விதி கைதட்டலோடு அமலுக்கு வந்துவிட்டது. வெடிப்பு அதற்குப் பிறகுதான். ஆகவே மீறல் மீறல்தான். காத்தவராயனுக்கு 'வேலைநீக்கம்'.

அவர் மனைவி செல்லம்மாள் வந்தாள். ஜங்புராவில் வீட்டுவேலை செய்கிறவள். தலைவரின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"எந்த விதிய மீறுனாருன்னு சொல்லுங்கய்யா."

கல்யாணராமன் கண்காட்ட, நான் முதல் விதியைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இதத்தானே அவரு உங்க எல்லார் முன்னாடியும் வந்து கேட்டாரு?"

"கேட்டான்மா. நான் இல்லேங்கலையே," என்றார் தலைவர் மிகுந்த பொறுமையோடு. "ஆனா கேக்கணும்னு விதியில இல்லே. கழட்டணும்னுதான் இருக்கு."

"கழட்டியிருந்தா?"

"மேலதிகாரி சொன்னதைக் கேக்கலேன்னு வேலை போயிருக்கும்."

"அப்ப ரெண்டு கையோட வீட்டுக்கு வந்திருப்பாரு," என்று சொல்லிவிட்டுச் செல்லம்மாள் வெளியேறினாள்.

எங்கள் பாதுகாப்பு விதிகளால் பயனில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதுகாக்க வேண்டியவரை அவை பூரணமாகப் பாதுகாத்தன. கல்யாணராமன்மீது ஒரு பொறிகூடப் படவில்லை.