வானத்தில் ஒரு குறை

அப்துல் குத்தூஸுக்கு மாலைக்குள் ஒரு குறை வேண்டும். ஒன்று போதும்.

கோட்டைமேட்டில் அவருக்குத் துணிக்கடை. வந்த சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் அவர் திருப்பி அனுப்பியதில்லை. மகள் இல்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். பாராகிளைடிங் கற்கப் போகிறேன் என்றாள். முடியாது என்றார்.

"பாக்காமயே வேண்டாம்ங்கறீங்களே அத்தா. போய்ப் பாருங்க. ஒரு குறை சொல்லிட்டீங்கன்னா நான் உட்டுடறேன்."

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை, காரமடைக்கு அப்பால் ஒரு கரட்டின் உச்சியில், பாராகிளைடர் இறக்கையின் நைலான் துணியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மெலிசா இருக்குதே தம்பி."

"மெலிசாத்தானுங்க பாய் இருக்கோணும்," என்றார் பயிற்சியாளர் திருமலைசாமி. "கிழியுதான்னு இழுத்துப் பாருங்க."

இழுத்தார். கிழியவில்லை. பலமாக இழுத்தார். காற்று புகுந்து துணி எழுந்தது. அவரைக் கொஞ்ச தூரம் இழுத்துப்போய்ப் புல்லில் உட்கார வைத்தது.

"முதல் பாடமே இதுதானுங்க. நல்லாப் பண்ணிப்போட்டீங்க."

குத்தூஸ் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி, மேல போறப்ப இந்த வார் அறுந்துச்சுன்னா?"

"கட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்களே."

தோளில், நெஞ்சில், தொடைகளில் கட்டினார்கள். குலுங்கிப் பார்த்தார். இரட்டைத் தையல். நூல் பிசிறுகூட இல்லை. எரிச்சலாக இருந்தது.

"தலையில அடிபட்டா?"

ஹெல்மெட் வந்தது.

"எம்பொண்ணு தனியாப் பறந்து எங்கியாச்சும் போயிட்டா?"

"எடுத்ததும் தனியா உடமாட்டோமுங்க. பைலட் பின்னால, நீங்க முன்னால. சரிவு முடியற வரைக்கும் ஓடோணும். நடுவுல உக்காரக் கூடாது. அவ்வளவுதானுங்க."

"பைலட் எங்க?"

"வந்துட்டாங்க."

முதுகுக்குப் பின்னால் கொக்கிகள் மாட்டும் சத்தம் கேட்டது. திரும்பப் பார்த்தார். ஹெல்மெட் விடவில்லை. கறுப்புக் கண்ணாடியும் முகத்தை மூடிய துணியும் ஓரமாகத் தெரிந்தன.

"தம்பி, நான் குறை பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்க பாய். மேல இருந்து பாத்தா எல்லாந் தெரியும். ஓடுங்க," என்றார் திருமலைசாமி.

இத்தனை மரியாதையாகச் சொல்பவரிடம் எப்படி மறுப்பது? ஓடினார். சரிவு முடிந்தது. கால்கள் மட்டும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன.

கண்ணை மூடி ஓதினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். கீழே கறிவேப்பிலைத் தோட்டங்கள், பச்சைத் துணியை உதறி விரித்ததுபோல. மற்ற கண்ணும் திறந்துகொண்டது.

"ஏனுங்க பைலட்டு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நல்லாத்தான் இருக்குது. எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பதில் இல்லை.

"அவளுக்குத் தைரியம் ஜாஸ்தி. எனக்குத்தான் இல்லை. அவளை மேல உட்டுட்டுக் கீழ நின்னு பாத்துட்டிருக்க என்னால ஆகாதுங்க."

பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தது.

வெற்று வயலில் மெதுவாக இறங்கினார்கள். கொக்கியைக் கழற்றியதும் குத்தூஸ் விறுவிறுவென்று நடந்தார். திரும்பிப் பார்த்தால் மறுபடி கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். இறக்கையை மடிக்கக் காத்திருந்த கோமளா தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்தபோது அவருக்குக் குறை கிடைத்தது. முகம் மலர்ந்தது.

"பைலட்டு ஒரு வார்த்தை பேசலைங்க. பயந்து கெடக்கறவனுக்கு ஒரு ஆறுதல் சொல்ல வேண்டாமா? இந்த மாதிரி எடத்துக்கு எம்பொண்ணை அனுப்ப மாட்டேன்."

கோமளா அவர் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தாள்.

"பேசுனா உங்களுக்குக் குரல் தெரிஞ்சுபோயிருமேன்னுதானுங்க இங்கியே கத்துப் பைலட்டான இல்மா மேடம் வாயே தொறக்கலை."