கேள்விக்குறிகளின் லீவு

"என் பேரு எங்கய்யா போச்சு?" என்று மேனேஜர் கத்தியபோது, கம்ப்யூட்டர்காரர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

மத்தியானத்திலிருந்து அவருக்கு லீவு. மச்சினன் கல்யாணம். கேட்டுக்கு வெளியே காரில் மனைவி பெட்டிகளோடு காத்திருந்தாள். மச்சினி கல்யாணத்தின்போது ஆபீஸில் மாட்டிக்கொண்டதற்கு வாங்கிய பேச்சே இன்னும் காதில் இருந்தது. இந்த முறையும் வராவிட்டால் வீட்டுப் பக்கமே வர வேண்டாம் என்று உத்தரவு.

குடைக் கம்பெனியில் எல்லார் பெயரும் தமிழில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மேனேஜர்தான். கம்ப்யூட்டர்காரரும் காலையில் மாற்றிவைத்தார். பழைய டேட்டாபேஸுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு முழித்தது.

"கேஷியரம்மா கம்ப்யூட்டருக்குள்ள போனா என் மெயிலெல்லாம் திறக்குதுய்யா!"

"உங்களுக்கும் நாலு எழுத்து, அவங்களுக்கும் நாலு எழுத்து சார். அதுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"பழசையே போட்டுத் தொலை!"

பழசை எடுத்து வைத்திருந்தால்தானே! கம்ப்யூட்டர்காரர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். "கேள்விக்குறிய மட்டும் துடைச்சிடறேன் சார்."

துடைத்தார். இப்போது யாருக்குமே பெயர் இல்லை. மொத்தக் கம்பெனியும் ஒரே ஆளாகிவிட்டது. தையல் பிரிவில் ஒருவர் கம்ப்யூட்டரில் நூல் கேட்க, டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் நூல்கண்டு வந்தது.

கம்ப்யூட்டர்காரருக்கு ஒரு கவலை. இந்தக் கூட்டத்தில் தன் லீவும் காணாமல் போனால்? யாரும் பார்க்காதபோது தன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். லீவு புரோகிராமே அவர் எழுதியதுதான். எத்தனை பேர் லீவு போட்டாலும் ஒருத்தராவது வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் ஒரு விதி வைத்ததற்காக, மேனேஜர் கையால் பேனாகூடப் பரிசு வாங்கியிருந்தார்.

அப்போது கேஷியரம்மா கன்னத்தைப் பிடித்தபடி வந்தாள். "பல்லு வலி உயிர் போகுது சார். லீவு கேட்டிருக்கேன்."

"போம்மா, போ." மேனேஜர் பட்டனைத் தட்டினார்.

ஆபீஸ் முழுக்க போன்கள் கிணுகிணுத்தன. எல்லாருக்கும் லீவு! தையல் பிரிவில் யாரோ விசில் அடித்தார்கள். மேனேஜர் தன் போனைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"எனக்கும் குடுத்துட்டேனாய்யா!"

"சரி பண்ணிடட்டுமா சார்?"

"கைய வெச்சே, தொலைச்சிடுவேன்! திங்கட்கிழமை பாத்துக்கலாம்." முதல் ஆளாக வெளியேறியவர் மேனேஜர்தான்.

கம்ப்யூட்டர்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிழைத்தோம் என்று கூட்டத்தின் கடைசியில் ஓடினார். கேட்டில் அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் காட்டினார். மறுபடியும் சிவப்பு. வெளியே காரின் ஹாரன் பொறுமையிழந்து அலறியது.

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார்.

"பேரில்லாத எங்க எல்லாருக்கும் லீவாம் சார், ஒருத்தராவது இருக்கணும்னு பேரோட இருக்கற உங்க லீவை ரத்து பண்ணிடுச்சு, இந்தாங்க சாவி, அம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க!"